ஆலோசகரை வயலுக்கு அனுப்புங்கள்: தொழில் மறுவாழ்வுப் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

உடற்குறை நேர்ந்தவர்கள் வேலைக்குப் போக உதவும் தொழில் மறுவாழ்வு ஆலோசகர்களை உருவாக்கும் பல்கலைக்கழகத் துறைகளுக்கும், பாடத்திட்டக் குழுவினருக்கும், பணியிடைப் பயிற்சி நடத்தும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

டிராக்டர் கவிழ்ந்து முதுகுத்தண்டில் அடிபட்ட ஒரு விவசாயி, வீடு திரும்பிய சில மாதங்களில், உங்களிடம் படித்து வந்த ஆலோசகர் ஒருவரைப் பார்க்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். என்ன கேள்விகள் வரும் என்பதை நான் முன்கூட்டியே எழுதித் தந்துவிடுவேன். எதுவரை படித்தீர்கள்? கணினி தெரியுமா? உட்கார்ந்து பார்க்கிற வேலையில் விருப்பம் உண்டா? வெளியூர் போய்த் தங்க முடியுமா? எல்லாம் நல்லெண்ணத்தில் கேட்கப்படுபவைதான். ஆனால் எதிரே இருப்பவர் வேலை தேடி வந்தவர் அல்ல. வேலை அவருக்கு ஏற்கெனவே இருக்கிறது. விதைப்புக்கு மண் பதமாகிக்கொண்டிருக்கிறது, மாடு ஈனும் நாள் நெருங்குகிறது, கடன் தவணை நிற்கிறது. அந்த வேலைக்கு எப்படித் திரும்பிப் போவது என்பது ஒன்றுதான் அவர் கேள்வி. அதற்கு விடை தேடும் வழியை ஆலோசகருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அதனால் தனக்குத் தெரிந்த கேள்விகளைக் கேட்டு வைக்கிறார்.

ஆலோசகரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கற்றுத்தராதவர்களுக்குத்தான் இந்த மடல்.

நான் ஆலோசகன் அல்ல. பண்ணைக் கருவிகளையும் வண்டிகளையும் மாற்றுத்திறனாளிகளின் உடலுக்கு ஏற்றபடி திருத்திக் கொடுக்கிற பட்டறைக்காரன். காலால் மிதிக்கும் கிளட்சைக் கைக்கு மாற்றுவது, ஏறும் படியைத் தாழ்த்துவது, ஒற்றைக் கையால் பூட்டவும் கழற்றவும் முடிகிற கொக்கி செய்வது, இந்த மாதிரி வேலை. ஆலோசகர்கள் எழுதும் அறிக்கைகள் என்னிடம் வந்துதான் இரும்பாக மாறுகின்றன. எந்த அறிக்கை வயலைப் பார்த்தவர் எழுதியது, எது அலுவலக நாற்காலியிலேயே எழுதி முடிக்கப்பட்டது என்பது இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும்.

நான் புதிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1983இல் கொண்டுவந்த 159ஆம் உடன்படிக்கை முழுவதுமே மாற்றுத்திறனாளிகளின் தொழில் மறுவாழ்வைப் பற்றியது. பொருத்தமான வேலையைப் பெறுவதோடு, அதில் நீடிப்பதும் முன்னேறுவதும் மறுவாழ்வின் நோக்கம் என்று முதல் பிரிவிலேயே அது சொல்லிவிடுகிறது. ஊரகப் பகுதிகளிலும் எட்டாத இடங்களிலும் இந்தச் சேவையை வளர்க்க வேண்டும் என்கிறது 8ஆம் பிரிவு. மறுவாழ்வு ஆலோசகர்களுக்கும் தகுதியுள்ள பிற பணியாளர்களுக்கும் பயிற்சி கிடைக்கச் செய்வதை உறுப்பு நாடுகள் குறிக்கோளாகக் கொள்ள வேண்டும் என்கிறது அதற்கு அடுத்த 9ஆம் பிரிவு. இந்த இரண்டையும் சேர்த்து ஒருமுறை வாசித்துவிட்டுப் பாடத்திட்டம் எழுதியிருந்தால் எனக்கு இந்த மடல் எழுதும் வேலை மிச்சமாகியிருக்கும். 2006இல் வந்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27ஆம் பிரிவும் சுயதொழிலை வளர்ப்பதையும், வேலையைத் தக்கவைப்பதையும், வேலைக்குத் திரும்புவதையும் தனித்தனியாகச் சொல்கிறது.

உலகில் வேலை பார்ப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் விவசாயத்தில் இருக்கிறார். சுரங்கம், கட்டுமானம் இவற்றோடு மிக ஆபத்தான மூன்று துறைகளில் ஒன்றாக அதே தொழிலாளர் அமைப்பு விவசாயத்தையும் வைக்கிறது. ஆளும் அதிகம், அடிபடுவதும் அதிகம். ஆனால் என் கண்ணில் பட்ட பாடக்குறிப்புகளில் எடுத்துக்காட்டுகள் எல்லாம் ஆலையும் அலுவலகமும் கடையுமாகவே இருக்கின்றன.

வேலைப் பகுப்பாய்வு என்று ஒரு பாடம் உங்களிடம் உண்டு. ஒரு வேலையைச் செயல்களாகப் பிரித்து, எவ்வளவு எடை தூக்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எத்தனை முறை குனிய வேண்டும் என்று அட்டவணை போடும் முறை. ஆலைத் தொழிலாளிக்கு அது பொருந்தும். அவர் நிற்கும் இடம் பெரும்பாலும் மாறாது, செய்யும் அசைவும் மாறாது. விவசாயியை அந்த அட்டவணைக்குள் அடைத்தால் 'கனமான வேலை, ஏற்றதல்ல' என்று ஒரே வரியில் கோப்பு மூடிவிடும். காலையில் பால் கறவை, பிறகு டிராக்டர், நடுவில் பம்பு பழுது, மாலையில் விதைக்கும் உரத்துக்கும் கணக்கு, இரவில் சினை மாட்டுக்குக் காவல். இதில் எது கனம்? எதைக் கைவிட்டாலும் பண்ணை ஓடும்? எதை வெயில் தாழ்ந்த பிறகு செய்யலாம்? எதை அண்டை வயல்காரரோடு வேலைக்கு வேலையாக மாற்றிக்கொள்ளலாம்? இந்தக் கேள்விகளுக்கு அட்டவணையில் கட்டம் இல்லை. வயலில் அவரோடு ஒரு நாள் முழுக்க நடந்தால் பாதிக்கு மேல் விடை கிடைத்துவிடும்.

டிராக்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'டிராக்டர் ஓட்ட இயலும்' என்று ஒரு அறிக்கை சொல்லும், 'இயலாது' என்று இன்னொன்று சொல்லும். இரண்டாலும் எனக்குப் பயனில்லை. உழும்போது மனிதர் உட்கார்ந்துதான் இருக்கிறார். உடலைப் போட்டு வாங்குவது ஏறுவதும் இறங்குவதும்தான். கலப்பையைப் பூட்ட இறங்க வேண்டும். துளை சரியாகப் பொருந்தவில்லையென்றால் மேலே ஏறி அரையடி நகர்த்திவிட்டு மறுபடி இறங்க வேண்டும். வேலிக்கதவைத் திறக்க ஒரு தடவை, மூட ஒரு தடவை. கலப்பையில் வேர் சிக்கினால் இன்னொரு தடவை. முழங்கால் மூட்டு தேய்ந்தவருக்கு அன்றைய பாரம் எத்தனை ஏக்கர் உழுதார் என்பதில் இல்லை, எத்தனை தடவை இறங்கினார் என்பதில் இருக்கிறது. கீழ்ப்படிக்கு அடியில் இன்னொரு படியும் எட்டுகிற உயரத்தில் ஒரு கைப்பிடியும் பற்றவைத்தால் அவருக்கு இன்னும் பல பருவங்கள் கிடைக்கும். இருக்கையிலிருந்தே கருவியைப் பூட்டும் விரைவு இணைப்பு, கழுத்தைத் திருப்ப முடியாதவருக்குப் பின்புறம் காட்டும் கேமரா, முதுகுவலிக்காரருக்கு அதிர்வைத் தாங்கும் இருக்கை, கால் வராதவருக்குக் கைக் கட்டுப்பாடு என்று அடுத்தடுத்துப் போகலாம். எது வேண்டும் என்று முடிவு செய்ய, அவர் எத்தனை தடவை, எதற்காக இறங்கினார் என்று எண்ணிப் பார்த்த ஒருவர் வேண்டும்.

தண்டுவடத்தில் அடிபட்டவர்கள் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காயம் உயரமான இடத்தில் இருந்தால் அதற்குக் கீழே உடல் சரியாக வியர்க்காது, சூட்டைத் தணித்துக்கொள்ளாது. இடுப்புக்குக் கீழ் உணர்ச்சி இல்லாதவர் சாதாரண இருக்கையில் நாள் முழுக்கக் குலுங்கினால் அழுத்தப்புண் வரும், வந்தது அவருக்கே தெரியாது. இப்படி ஒருவருக்காக எழுதப்பட்ட கோரிக்கையில் டிராக்டரின் குளிர்சாதனக் கூண்டை 'வசதிக்கானது' என்று சொல்லி அடித்துவிட்டிருந்தார்கள். மெத்தையையும் சேர்த்தே அடித்திருந்தார்கள். அடித்தவருக்கு மருத்துவமும் தெரியும், விதிமுறையும் தெரியும். வெயிலில் நிற்கும் இரும்புக் கூண்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்பது மட்டும் தெரியாது.

செயற்கைக் கைகால் பற்றியும் இதே கதைதான். சிகிச்சை நிலையத்தின் தரை வழுவழுவென்று சமமாக இருக்கும். உழுத மண்ணில் ஒவ்வொரு அடியும் ஒவ்வொரு உயரம். சேற்றில் செயற்கைப் பாதம் புதைந்தால் இழுத்து எடுக்கும்போது, மீதக் காலைத் தாங்கும் குழிக்கூட்டிலிருந்து கால் உருவிக்கொள்ளும். வியர்வை ஊறி, தூசி புகுந்து, தோல் உரிந்தால் வாரக்கணக்கில் அதை மாட்டவே முடியாது. மின்விசையில் இயங்கும் விரல்கள் பார்க்க அழகானவை. தண்ணீரும் தூசியும் எண்ணெயும் படுகிற இடத்தில் அவை எவ்வளவு நாள் தாங்கும் என்று வாங்கித் தருமுன் கேட்க வேண்டும். தோள் அசைவால் கம்பி இழுத்துத் திறக்கிற பழைய இரும்புக் கொக்கியையே பல விவசாயிகள் விரும்புவதற்குக் காரணம் பிடிவாதம் அல்ல. அழுக்கானால் கழுவலாம், உடைந்தால் பக்கத்துப் பட்டறையிலேயே சரிசெய்யலாம், சூடான குழாயையும் பிடிக்கலாம். ஆனால் அதே கொக்கி சுழலும் தண்டில் மாட்டினால் தோள்வார் ஆளையும் சேர்த்து இழுக்கும். இந்த இரண்டு பக்கத்தையும் சொல்லிக்கொடுத்த வகுப்பு எங்காவது இருந்தால் அந்த ஆசிரியருக்கு என் வணக்கம்.

சுழலும் தண்டு என்றதும் நான் மிகவும் அஞ்சுகிற இடம் வந்துவிடுகிறது. டிராக்டரின் பின்னால் கருவிகளுக்கு விசை கொடுக்கிற பி.டி.ஓ. தண்டு வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். நொடிக்கு 9 சுற்று. சட்டை நுனி சிக்கியதை உணர்ந்து கையை இழுப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஏற்கெனவே ஒரு கையை இழந்தவர், வேகமாக விலக முடியாதவர், காது சரியாகக் கேட்காதவர், வலிக்கு மாத்திரை எடுத்து மந்தமாக இருப்பவர் இவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் பெரிது. மாற்றியமைத்த கருவியே புதிய ஆபத்தையும் கொண்டுவரலாம். சக்கர நாற்காலியிலிருந்து டிராக்டருக்குத் தூக்கிவிடும் மின்தூக்கி ஒன்றை நாங்கள் பொருத்துகிறோம். வயலின் நடுவில் மின்கலம் செத்துப்போனால் அவர் எப்படி இறங்குவார்? தொலைபேசிக்கு அங்கே சமிக்ஞை உண்டா? தீப்பிடித்தால்? எழுந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிடுகிற இருக்கைப் பொறியைத் தன் உடல்வாகுக்கு இடைஞ்சல் என்று அவரே துண்டித்துவிடுவாரா? ஆலோசகர் இயந்திரப் பொறியாளர் ஆக வேண்டாம். ஆனால் 'இது பழுதானால் என்ன ஆகும்' என்ற ஒரு கேள்வியை ஒவ்வொரு கருவிக்கும் கேட்கப் பழகியிருக்க வேண்டும். ஒரு விபத்துக்குப் பிறகு உதவப் போய் இரண்டாவது விபத்துக்கு வழி செய்துவிடக் கூடாது.

உங்கள் அலுவலகத்துக்கு வராமலே இருப்பவர்களைப் பற்றியும் பயிற்சியில் பேசுங்கள். கையிழந்தவரை எல்லாருக்கும் தெரியும். மூட்டுவாதம், முதுகுத் தேய்மானம், காது மந்தம், சர்க்கரையால் மரத்துப்போன பாதம், மங்கிய பார்வை இவற்றோடு தினமும் வயலுக்குப் போகிறவர்கள் தங்களை மாற்றுத்திறனாளி என்று நினைப்பதே இல்லை. 'வயசாச்சு, அவ்வளவுதான்' என்பார்கள். கூண்டில்லாத பழைய டிராக்டரின் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பதே பாதுகாப்பான வரம்பு என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கிறது. சிலர் தெரிந்தே மறைக்கிறார்கள், கடன் கொடுப்பவருக்கும் குத்தகை நில உரிமையாளருக்கும் தெரிந்துவிடுமே என்ற அச்சம். இவர்களைத் தேடி அலுவலக வாசலில் பலகை வைத்துப் பயனில்லை. வேளாண் விரிவாக்க அலுவலர், கால்நடை மருத்துவர், கூட்டுறவுச் சங்கச் செயலர், உதிரிபாகக் கடைக்காரர் இவர்கள்தான் யார் நொண்டுகிறார், யார் இந்த ஆண்டு பாதி நிலத்தைத் தரிசாக விட்டார் என்று அறிந்தவர்கள். அவர்களோடு பேசிப் பழகுவது ஆலோசகரின் வேலையில் ஒரு பகுதி என்று நீங்கள் சொன்னால்தான் அவர் போவார்.

காலக்கணக்குக்கு வருகிறேன். அமெரிக்கச் சட்டப்படி தொழில் மறுவாழ்வு அலுவலகம் ஒருவரின் தகுதியை 60 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும். அதன்பின் 90 நாளுக்குள் அவருக்கான வேலைத் திட்டத்தை எழுதி முடிக்க வேண்டும். இது கறாரான கெடு, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் இரண்டையும் கூட்டினால் 150 நாள். குறுகிய கால நெல் 100 முதல் 120 நாளில் விதைத்து அறுத்துவிடலாம். விதைப்புக்கு முந்தின வாரம் விண்ணப்பித்தவருக்கு எல்லாம் விதிப்படியே நடந்தாலும் ஒரு போகம் போய்விடும். போகம் போனால் கடன் நிற்கும், கடன் நின்றால் நிலம் கைமாறும், அதன்பின் எந்தக் கருவி வந்து என்ன? கெடு என்பது அதிகபட்சம்தான், அதற்கு முன்பே முடிக்கத் தடை இல்லை என்பதை ஆலோசகருக்கு அழுத்திச் சொல்லுங்கள். கோப்பின் முதல் பக்கத்தில் பிறந்த தேதிக்குக் கீழேயே அடுத்த விதைப்பு எப்போது, அறுவடை எப்போது என்று எழுதப் பழக்குங்கள்.

வேலை கிடைத்ததா என்று அளக்கிற முறையும் இப்படித்தான். அதே அமெரிக்க முறையில், ஒருவர் குறைந்தது 90 நாள் வேலையில் நீடித்த பிறகு வெற்றி என்று எழுதிக் கோப்பை மூடலாம். மாதச் சம்பளக்காரருக்கு 90 நாள் ஒரு நல்ல சோதனை. பழத்தோட்டக்காரருக்கு அந்த 90 நாளும் செலவு மட்டுமே இருக்கலாம். எல்லாம் ஒழுங்காக நடக்கிற ஆண்டில்கூட வருமானம் ஒரே மாதத்தில் வந்து பதினொரு மாதம் ஓடுகிற தொழில் இது. மழை பொய்த்து நட்டம் வந்தால் அது உடற்குறையாலா, வானத்தாலா என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். ஆகவே ஆலோசகருக்குப் பண்ணைக் கணக்கு வாசிக்கத் தெரிய வேண்டும். மொத்த வரவு வேறு, செலவு போக மிச்சம் வேறு, வீட்டுக்கே வைத்துக்கொள்ளும் விளைச்சல் வேறு. சுயதொழில் திட்டம் என்ற பெயரில் கடைக்காரருக்கு எழுதுகிற படிவத்தையே நிரப்பச் சொன்னால் விவசாயி ஏதோ ஒரு எண்ணைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

இந்தக் கணக்கில் பெண்கள் எங்கே போகிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்கத் தொழில் மறுவாழ்வு விதிகளில் வீட்டு வேலை செய்பவர், சம்பளமின்றிக் குடும்பத் தொழிலில் உழைப்பவர் ஆகியோரின் நிலையும் முன்பு வேலை என்று எண்ணப்பட்டது. 2016இல் வந்த விதித்திருத்தம் அந்த இரண்டையும் எடுத்துவிட்டது. நோக்கம் புரிகிறது. மாற்றுத்திறனாளிகளைச் சம்பளமில்லாத மூலையில் தள்ளிவிட்டு வெற்றி என்று கணக்கெழுதுவதைத் தடுக்க வேண்டும், அதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் பண்ணையில் என்ன நடக்கிறது? நிலமும் கணக்கும் கணவர் பெயரில். கறவை, கன்று, நாற்று, களை எல்லாம் மனைவி கையில். அவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துவிட்டால், 'நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்' என்ற கேள்விக்கு அவரே 'சும்மா வீட்டில்தான் இருக்கிறேன்' என்று பதில் சொல்லிவிடுவார். பயிற்சி இல்லாத ஆலோசகர் அதை அப்படியே எழுதிக்கொள்வார். பயிற்சி உள்ளவர் காலை நான்கு மணிக்கு யார் எழுந்திருக்கிறார்கள் என்று கேட்பார், பால் விற்ற பணம் யார் பெயரில் வருகிறது என்று கேட்பார், அதை அந்தப் பெண்ணின் பெயருக்கு மாற்ற வழி உண்டா என்று குடும்பத்தோடு பேசுவார். அவருடைய உழைப்பு விதியின் கண்ணிலும் வேலை ஆவதற்கு அது ஒரு வழி. சட்டத்தை மாற்றும் வரை காத்திராமல் ஆலோசகர் செய்யக்கூடியது இது.

நல்ல முன்மாதிரி ஒன்றும் அமெரிக்காவில்தான் இருக்கிறது. 1979இல் இண்டியானா மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழகத்தில், வேளாண் பொறியியல் துறையைச் சேர்ந்தவர்கள் உடற்குறை உள்ள விவசாயிகளுக்காக ஒரு மையம் தொடங்கினார்கள். 1990ஆம் ஆண்டின் வேளாண் சட்டம் அந்த எண்ணத்தை அக்ரபிலிட்டி என்ற நாடு தழுவிய திட்டமாக்கியது. ஒரு மாநிலத்தில் இந்தத் திட்டம் நடக்க வேண்டுமானால் வேளாண் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவும் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு தொண்டு அமைப்பும் கைகோக்க வேண்டும் என்பது நிபந்தனை. மண்ணை அறிந்தவரும் உடலை அறிந்தவரும் ஒரே வண்டியில் பண்ணைக்குப் போகிறார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

ஆனால் அந்தத் திட்டத்தின் பணத்தில் விவசாயிக்குக் கருவி வாங்கித் தர முடியாது. வந்து பார்ப்பார்கள், ஆலோசனை சொல்வார்கள், என்ன மாற்றம் வேண்டும் என்று எழுதித் தருவார்கள். ஏறும் படிக்கும் மின்தூக்கிக்கும் ஆகும் பணம் பெரும்பாலும் மாநிலத் தொழில் மறுவாழ்வு அலுவலகத்திலிருந்து வர வேண்டும். அதாவது கடைசியில் எல்லாம் ஒரு ஆலோசகரின் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. அவருக்குப் பண்ணை புரிந்தால் கையெழுத்து விழும். புரியாவிட்டால் 'இவ்வளவு செலவில் இவருக்கு வேறு வேலையே கற்றுத்தரலாமே' என்று குறிப்பெழுதித் திருப்பிவிடுவார். நான் இந்த மடலைச் சட்டமன்றத்துக்கோ கருவி உற்பத்தியாளர்களுக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுவது இதனால்தான்.

அப்படியானால் விவசாயத்திலேயே எல்லாரையும் கட்டிப்போட வேண்டுமா என்று கேட்பீர்கள். இல்லை. விட்டுவிடுவதே நல்லது என்கிற நிலைமைகள் உண்டு. வலிப்பு கட்டுப்படாத ஒருவரை இயந்திரத்தோடு தனியாக விட முடியாது. கடன் நிலத்தின் மதிப்பைத் தாண்டிவிட்ட பண்ணையை எந்தக் கைக் கிளட்சும் காப்பாற்றாது. உழவிலிருந்து கோழிக்கோ காளானுக்கோ நாற்றங்காலுக்கோ மாறுவது, நேரடி வேலையை விட்டு மேற்பார்வைக்கு மாறுவது, பாதி நிலத்தைக் குத்தகைக்கு விடுவது என்று இடையில் பல படிகளும் உண்டு. என் சண்டை வேறு. வேறு வேலைக்குப் போவது, பண்ணையைப் பார்த்த பிறகு, வழிகளைத் தெரிந்துகொண்ட பிறகு, அவர் எடுக்கும் முடிவாக இருக்கட்டும். ஆலோசகருக்கு வேறொன்றும் தெரியாததால் அவர் தலையில் விழுகிற முடிவாக இருக்க வேண்டாம்.

நிலத்தை விடச் சொல்லும்போது வேலையை மட்டும் விடச் சொல்வதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். வீடும் அங்கேதான், அப்பாவின் பெயரும் அங்கேதான், ஊரில் தனக்கிருக்கும் மரியாதையும் அங்கேதான். இழப்பின் பாரத்தில் இருக்கும் விவசாயியிடம் தற்கொலை எண்ணம் பற்றி நேராகக் கேட்கவும், பூச்சிக்கொல்லி எங்கே பூட்டப்பட்டிருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று குடும்பத்தாரிடம் விசாரிக்கவும், உடனே மனநல உதவியோடு இணைத்துவிடவும் ஆலோசகருக்குப் பயிற்சி வேண்டும். ஆலோசனை கற்றவர்கள் என்பதால் இதில் நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டியவர்கள், நான் நீட்டவில்லை.

இனி கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். அமெரிக்காவில் ஆலோசகர் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் கேக்ரெப் அமைப்பு 600 மணி நேரப் பணிப்பயிற்சியைக் கேட்கிறது. உங்கள் நாட்டில் அளவு வேறாக இருக்கலாம். அதில் ஒரு வாரத்தைப் பண்ணைக்குக் கொடுங்கள். ஊரகப் பகுதியில் பணியாற்றப் போகிறவர்களுக்கு இரண்டு வாரம். சுற்றுலாவாக வேண்டாம். ஒவ்வொரு மாணவரும் ஒரு மாற்றுத்திறனாளி விவசாயியோடு ஒரு முழு நாளைக் கழித்து, அந்த நாளின் வேலைகளை வரிசையாக எழுதி, எங்கே உடல் தடுக்கிறது, எங்கே கருவி தடுக்கிறது, எங்கே வெறும் பழக்கம் தடுக்கிறது என்று பிரித்துக் காட்ட வேண்டும். அந்த அறிக்கையை விவசாயியே படித்துப் பார்த்து மதிப்பெண் போடட்டும். எழுத்து வாசிக்காதவர் என்றால் மாணவர் அவருக்கு வாசித்துக் காட்டட்டும். தேர்வை விடக் கடினமான தேர்வு அது.

செயல்திறன் மதிப்பீட்டை மருத்துவமனை அறைக்குள் பெட்டி தூக்கச் சொல்லி முடித்துவிடாதீர்கள். பெட்டிக்குக் கைப்பிடி இருக்கிறது, துள்ளுகிற கன்றுக்குட்டிக்கு இல்லை. வேளாண் பொறியாளர், இயன்முறை மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர், செயற்கை உறுப்பு நிபுணர் இவர்களோடு மாணவரும் சேர்ந்து ஒரே பண்ணையை ஒரே நாளில் பார்க்கும் ஏற்பாடு ஒன்று பாடத்தில் இருக்கட்டும். ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கும் இதையே சுருக்கிக் கொடுக்கலாம். 'ஒரு ஆலோசகர் நூறு கோப்புகளைத் தூக்கிக்கொண்டு அலைகிறார், அவர் எங்கே உழவு கற்பது' என்று ஒரு பயிற்சி அதிகாரி என்னிடம் கேட்டார். நியாயம்தான். அவர் உழவு கற்க வேண்டாம். யாரைக் கூப்பிட வேண்டும், என்ன கேட்க வேண்டும், எதை நம்பிக் கையெழுத்திட வேண்டும் என்று தெரிந்தால் போதும். அப்படித் தெரிந்த ஆலோசகர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் அறிக்கைகளில் என் வேலை பாதி முடிந்தே வரும்.

கடைசியாக, சொல்லித்தர வருகிற விவசாயிக்குப் பணம் கொடுங்கள். உங்கள் மாணவர்கள் கற்றுக்கொள்வதற்காக அவர் ஒரு நாள் வேலையை விடுகிறார், உடற்குறையால் ஏற்கெனவே மெதுவாகப் போகும் வேலை அது. நன்றியும் சான்றிதழும் அதை ஈடுகட்டாது. விருந்தினர் விரிவுரையாளருக்கு என்ன கொடுக்கிறீர்களோ அதையே, அதே தலைப்பில் கொடுங்கள். மாணவர்களை என் பட்டறைக்கு அனுப்புவதானால் இரண்டு முறை அனுப்புங்கள். முதல் முறை, உழவும் அறுவடையும் இல்லாத வாரத்தில், அப்போதுதான் என்னிடம் வரும் விவசாயிகள் நின்று பேசுவார்கள். இரண்டாவது முறை அறுவடைக்கு நடுவில். அன்று யாரும் பேச மாட்டார்கள், ஓரமாக நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பண்ணைக் கருவி திருத்தும் ஒருவன்